இரண்டு விரல்களில் மலர்ந்த இசை

கிதார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று திரைப்படப் பாடல். மற்றொன்று ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவினர் வாசிக்கும் கிதார். இவ்விரண்டையும் தவிர, அதே ஆறு தந்திகளில் வாசிக்கப்படும் இன்னோர் இசை உண்டு. அதற்கு ‘ஜிப்சி ஜாஸ்’ என்று பெயர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர், பாடகர் குழுவின் கிதாரை வைத்துக்கொண்டு கடந்த ஓராண்டாக இதைக் கற்று வருகிறோம். இந்த இசை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு கற்பது, நம் நாட்டு இசைக்கும் இதற்கும் என்ன உறவு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மனுஷ் என்னும் மக்கள்

ஐரோப்பாவில் வண்டிகளிலேயே வீடு அமைத்து, ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த மக்களை ஆங்கிலேயர் ‘ஜிப்சி’ என்று அழைத்தனர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணி வைத்த பெயர் அது. உண்மையில் அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். இதற்குச் சான்று அவர்கள் பேசும் ரோமானி மொழியே. அம்மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு ‘யேக், துயி, த்ரின்’ என்பர். தண்ணீருக்குப் ‘பானி’, காதுக்குக் ‘கான்’. இந்தி கற்ற மாணவியருக்கு இச்சொற்கள் புதியன அல்ல.

இம்மக்கள் தங்களை ‘ரோமா’ என்று அழைத்துக்கொள்கின்றனர். பிரான்சு நாட்டில் வாழும் ஒரு பிரிவினருக்கு ‘மனுஷ்’ என்று பெயர். அதன் பொருள் மனிதன் என்பதே. நாம் பேச்சில் ‘மனுஷன்’ என்கிறோம் அல்லவா, அதே சொல்தான்! ஊரார் இழிவாக வைத்த பெயர் ஒன்று. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘மனிதன்’. எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களையும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் ‘ஜிப்சி’ என்று எழுதுவதுண்டு. இரு சாராரும் ஒரே மக்கள் அல்லர். ஆயினும் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரு சாராரும் சந்தித்த ஏளனமும் ஒன்றே. இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஆட்சியில் இலட்சக்கணக்கான ரோமா மக்கள் கொல்லப்பட்டனர். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, ஆஷ்விட்ஸ் முகாமில் எஞ்சியிருந்த ரோமா குடும்பங்கள் அழிக்கப்பட்டன. யூதருக்கு நேர்ந்த கொடுமையை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். இவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர் குறைவு.

தீயில் கருகிய கை

இவ்விசையின் தந்தை ஜாங்கோ ரைன்ஹார்ட். இவர் 1910-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டில் லீபெர்ஷி என்னும் சிற்றூரில் நின்றிருந்த ஒரு வண்டியில் பிறந்தார். பாரிசு நகரின் எல்லைப்புறங்களில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு இல்லை. இசையையும் ஏட்டில் படிக்கத் தெரியாது. சிறுவனாக இருந்தபோதே பாஞ்சோ என்னும் தந்திக் கருவியை வாசித்து, நடன விடுதிகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக அமர்ந்து பொருள் ஈட்டினார்.

1928-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இரவு அவருடைய வாழ்க்கை திசை மாறியது. அப்போது வயது பதினெட்டு. அவருடைய மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் வண்டி நிறைய இருந்தன. மெழுகுவர்த்தியின் சுடர் அவற்றில் பட்டது. நொடிப்பொழுதில் வண்டி முழுவதும் தீப்பிடித்தது. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் இடக்கையும் வலக்காலும் கடுமையாக வெந்தன. காலையே வெட்டி எடுத்துவிடலாம் என்றனர் மருத்துவர், அவர் இசையவில்லை. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கி வளைந்துவிட்டன.

கிதார் வாசிப்பவருக்கு இடக்கை விரல்களே உயிர். நான்கு விரல்களால் தந்திகளை அழுத்த வேண்டும். அவற்றுள் இரண்டு போய்விட்டால் என்ன செய்வது? படுக்கையில் இருந்தபோது அவருடைய தம்பி ஜோசப் ஒரு கிதாரைக் கொண்டு வந்து கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் ஜாங்கோ புதிதாகக் கற்றார். வேகமான சுரங்களுக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும். வளைந்த இரு விரல்களையும் வீணாக்கவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது கீழ்ப்பக்கத்துத் தந்திகளை அழுத்த அவற்றைப் பயன்படுத்தினார். இரண்டு விரல்களால் நான்கு விரல் வேலை செய்ய வேண்டுமானால், கை குறுக்காக நகராமல் கழுத்தின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓட வேண்டும். அவ்வாறு ஓடியதால் பிறந்த சுர வரிசைகளே இன்று இவ்விசையின் அடையாளம். நான்கு விரல்களும் நலமாக உள்ளவர்களும் இன்று அவர் வழியைக் கற்கின்றனர்.

எங்கள் தோழி ஒருத்திக்குச் சிறு வயதில் கதவிடுக்கில் நசுங்கிய இடக்கைச் சுண்டுவிரல் இன்றும் முழுமையாக நிமிராது. கிதார் கற்கப் போன ஓரிடத்தில், “உனக்கு இது வராது, அம்மா; பாட்டுக் கற்றுக்கொள்” என்று சொல்லி அனுப்பிவிட்டனர். ஜாங்கோவின் கதையை முதலில் தேடிப் படித்து எங்களுக்குச் சொன்னவள் அவள்தான். இன்று எங்களுள் தாளம் தவறாமல் வாசிப்பவளும் அவளே.

முரசு இல்லாத குழு

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. எக்காளம், சாக்ஸஃபோன், முரசு ஆகியவையே அதில் முழங்கும். 1934-ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தொடங்கிய குழுவில் இவை ஒன்றும் இல்லை. ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு பெரிய பேஸ் வயலின். அவ்வளவுதான். ஐந்தும் தந்திக் கருவிகள். முரசு இல்லாத குறையை இரண்டு கிதார்கள் தீர்த்து வைத்தன. எவ்வாறு என்பதைப் பின்னர் கூறுவோம்.

போர் தொடங்கிய 1939-ல் கிராப்பெல்லி இலண்டனில் தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிசு திரும்பினார். போர்க்காலத்தில் தம் இன மக்களின் வழிபாட்டுக்காகத் திருப்பலி இசை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். எழுதத் தெரியாததால், அவர் வாசிக்க மற்றொருவர் எழுதினார். அப்பணி முற்றுப்பெறவில்லை. 1953-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், 43-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வலக்கை முதலில்

இனி, கற்கும் முறைக்கு வருவோம். புதிதாகக் கிதார் எடுப்பவர் எல்லோரும் இடக்கையைப் பற்றியே கவலைப்படுவர். இவ்விசையில் முதலில் பழக வேண்டியது வலக்கை.

முரசுக்குப் பதிலாக வாசிக்கும் தாளத்துக்குப் பிரெஞ்சு மொழியில் ‘லா பொம்ப்’ என்று பெயர். பொருள், பம்பு! நெய்வேலிப் பிள்ளைகளாகிய நமக்குப் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். பம்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும். இவ்விசையிலும் அப்படியே. வயலினும் முதல் கிதாரும் எவ்வளவு அழகாகப் பறந்தாலும், கீழே பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒன்றும் மூன்றும் மென்மையாக, தடித்த தந்திகளில் விழும். இரண்டும் நான்கும் எல்லாத் தந்திகளிலும் அழுத்தமாக விழும். விழுந்த உடனே இடக்கை விரல்களைச் சற்றுத் தளர்த்தினால் ஒலி சட்டென்று நின்றுவிடும். “தும்-சக், தும்-சக்” என்று வாயால் சொல்லிப் பாருங்கள். அந்தச் ‘சக்’ தான் முரசின் வேலையைச் செய்கிறது. விரல் அழுத்தாத வெற்றுத் தந்தியை இவ்வாறு நிறுத்த முடியாது. ஆகையால் இவ்விசையில் வெற்றுத் தந்தி ஒலிக்கும் பிடிகளைப் பெரும்பாலும் தவிர்ப்பர். காரணம் அறிந்து கற்றால் மறக்காது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்தது, தந்தியை மீட்டும் முறை. பிளாஸ்டிக்கால் ஆன தடித்த பிளெக்ட்ரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடிக்க வேண்டும். மணிக்கட்டு சற்று வளைந்து, கை பலகையில் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கும். கீழ்நோக்கி மீட்டும்போது பிளெக்ட்ரம் அடுத்த தந்தியில் போய் அமர வேண்டும். புதிய தந்திக்கு மாறும் போதெல்லாம் முதல் மீட்டு கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்பது விதி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நடன விடுதியின் இரைச்சலில் கேட்க வேண்டுமென்று அமைந்த முறை இது. இதற்கென்றே இத்தாலியரான மரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த கிதார்களைப் பாரிசின் செல்மர் நிறுவனம் 1932 முதல் செய்து விற்றது. அவற்றின் ஒலி கணீரென்று இருக்கும். அத்தகைய கிதார் எங்களிடம் இல்லை. பாடகர் குழுவின் சாதாரண எஃகுத் தந்திக் கிதாரே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இடக்கையும் கீரவாணியும்

வீணையில் ‘மெட்டு’ என்பது கிதாரில் ‘ஃப்ரெட்’. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் பிடிக்குக் ‘கார்டு’ என்று பெயர். இவ்விசையின் புகழ்பெற்ற பிடி ஒன்றைக் கூறுகிறோம். ஆறாம் தந்தியின் 5-ஆம் மெட்டில் நடுவிரல். நான்காம் தந்தியின் 4-ஆம் மெட்டில் சுட்டுவிரல். மூன்றாம், இரண்டாம் தந்திகளின் 5-ஆம் மெட்டில் மோதிரவிரலைப் படுக்க வைக்கவும். ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் ஒலிக்கக் கூடாது. இதுவே ‘ஏ மைனர் சிக்ஸ்த்’. இதே பிடியை அப்படியே ஐந்து மெட்டுகள் மேலே நகர்த்தினால் ‘டி மைனர் சிக்ஸ்த்’. இவற்றோடு ‘ஈ செவன்த்’ என்னும் பிடியும் தெரிந்தால், ஜாங்கோவும் கிராப்பெல்லியும் 1937-ல் இசைத்தட்டில் பதிவு செய்த ‘மைனர் ஸ்விங்’ என்னும் உருப்படிக்கு நாம் தாளம் வாசிக்கலாம்.

கர்நாடக இசை கற்கும் மாணவியருக்கு இவ்விடத்தில் ஒரு விருந்து. முதற்பிடியின் அடிச்சுரத்தைச் ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பிடியில் ஒலிப்பவை ச, சாதாரண காந்தாரம், ப, சதுசுருதி தைவதம். அதாவது 23-ஆவது மேளமாகிய கௌரிமனோகரியின் சுரங்கள். இரண்டாம் பிடியில் வருபவை சுத்த மத்தியமம், சுத்த தைவதம், ச, சதுசுருதி ரிஷபம். மூன்றாம் பிடியில் ப, காகலி நிஷாதம், ரிஷபம், மத்தியமம். இவ்விரண்டும் 21-ஆவது மேளமாகிய கீரவாணிக்குள் அடங்கும். ஆக, பிடி மாறும்போது தைவதம் மட்டும் மாறுகிறது. கௌரிமனோகரியும் கீரவாணியும் மாறி மாறி எட்டிப் பார்க்கின்றன. சரளி வரிசை கற்றவள் இதைக் காதாலேயே பிடித்துவிடுவாள். எங்களுள் பாட்டுக் கற்ற தோழியர் முதலில் பாடிக் காட்ட, பிறகு மற்றவர்கள் விரலில் தேடுகிறோம்.

வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நம் இசையில் ஒரு சுரம் அசைந்து, குழைந்து கமகமாக ஒலிக்கும். இராகத்தின் எல்லை மீறப்படாது. ஜாஸ் இசையிலோ பிடிகள் மாற மாற, கற்பனையாக வாசிப்பவர் அந்தந்தப் பிடியின் சுரங்களைத் தொட்டுத் தொட்டுச் செல்ல வேண்டும். ஆயினும், முன்கூட்டி எழுதி வைக்காமல் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது இரண்டுக்கும் பொது. அங்குள்ள குழந்தைகளும் ஏடு பார்த்துக் கற்பதில்லை. தந்தையும் மாமனும் வாசிக்க, அருகில் அமர்ந்து பார்த்தும் கேட்டும் கற்கின்றனர். முதலில் நெடுங்காலம் பம்புத் தாளம் மட்டும். பிறகே தனி வாசிப்பு. நம் குருகுல முறையை இது நினைவூட்டுகிறது அன்றோ!

தமிழரும் இவ்விசையும்

இது நமக்குத் தொலைதூரச் செய்தி என்று எண்ண வேண்டாம். ஜாங்கோவின் தோழர் கிராப்பெல்லியோடு சேர்ந்து 1984-ல் ‘கான்வர்சேஷன்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டவர் நம் தமிழ் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958-ஆம் ஆண்டின் இனக் கலவரத்துக்குப் பின் குடும்பம் உடைமைகளை இழந்து தமிழகம் திரும்பியது. வயலினே மேலைநாட்டுக் கருவிதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். அவ்வயலின் மீண்டும் மேற்கே சென்று, ஜாங்கோவின் தோழரோடு உரையாடியிருக்கிறது!

சுப்பிரமணியத்தின் தம்பி எல். சங்கரும் கடக் கலைஞர் விக்கு விநாயகராமும், ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் தபேலா மேதை ஜாகிர் உசேனும் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. மெக்லாஃப்லின் தம் கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து, வீணையைப் போலக் கமகம் வாசிக்க வழி செய்துகொண்டார். புதிய கலைஞர்களோடு மீண்டும் கூடிய அக்குழுவின் இசைத்தட்டு 2024-ல் கிராமி விருது பெற்றது.

நம் இசைஞானி இளையராஜா, பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா, கிதாரில் கர்நாடக இசையும் ஜாசும் வாசிக்கிறார். கிதாரும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இவர் சான்று.

நெய்வேலியில் கற்க ஒரு வழி

இவ்விசையைக் கற்பிக்கும் ஆசிரியர் நம் நகரியத்தில் இல்லை. எனவே நாங்கள் பின்பற்றும் முறையைக் கூறுகிறோம்.

முதலாவதாக, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் நாள் தவறக் கூடாது. இரண்டாவதாக, முதல் இரண்டு மாதங்கள் ஒரே ஒரு பிடியில் பம்புத் தாளம் மட்டும். கைபேசியில் தாளக் கருவியை வைத்து, நிமிடத்துக்கு 70 எண்ணிக்கையில் தொடங்கி, தாளம் பிசகாதபோது மட்டும் ஐந்து ஐந்தாக உயர்த்துகிறோம். மூன்றாவதாக, வாசிக்கும் முன் பாடுகிறோம். பாட முடியாத வரி விரலில் வராது. நான்காவதாக, இருவராகச் சேர்ந்து வாசிக்கிறோம். ஒருத்தி தாளம், மற்றவள் சுரம், பிறகு மாற்றிக்கொள்கிறோம். ஐந்தாவதாக, வாரம் ஒருமுறை சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் கொண்டு வாசித்துப் பார்க்கிறோம். விரல் நுனி முதலில் வலிக்கும், பிறகு காய்த்துப் போகும். தோலில் வெடிப்பு கண்டால் இரண்டு நாள் ஓய்வு தர வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தால், வியர்வையாலும் மழைக்கால ஈரத்தாலும் விரைவில் துருப்பிடிக்காது.

எதற்காகக் கற்க வேண்டும்?

“பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் கிதார் எதற்கு?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அரை மணி வாசித்துவிட்டுப் படிக்க அமரும்போது மனம் ஒருநிலைப்படுவதை நாங்கள் உணர்கிறோம். தவறிய இடத்தைப் பொறுமையாக நூறு முறை திரும்பச் செய்யும் பழக்கம் கணக்குப் பாடத்துக்கும் உதவுகிறது. ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டுமே இசையைக் கற்கச் சொல்வது எங்கள் நோக்கம் அன்று.

நெய்வேலி நகரியத்தில் யாருக்கும் நிலையான வீடு இல்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கிய நாள்முதல் எத்தனையோ மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்தன. நமக்குத் தெரிந்த வட்டமும், வாசல் மரமும், குவார்ட்டர்சும் அப்பா ஓய்வு பெறும் நாள் வரைதான். அதன்பின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். சுரங்கம் விரிந்தபோது நிலத்தையும் ஊரையும் விட்டுப் போனவர்களும் நம்மைச் சுற்றி உள்ளனர். இவ்வாண்டு முடிந்தால் எங்கள் வகுப்பும் பிரிந்து, ஒவ்வொருத்தி ஒவ்வொரு பள்ளிக்குப் போகக்கூடும்.

ஆயிரம் ஆண்டுகளாக வீடும் நிலமும் இல்லாமல் அலைந்த மக்கள், எல்லையில் யாரும் பறிக்க முடியாத ஒரு செல்வத்தை விரலிலும் காதிலும் சேர்த்து வைத்தார்கள். தீ வண்டியை எரித்தது, இரண்டு விரல்களையும் எரித்தது. இசையை எரிக்க முடியவில்லை. நாமும் அத்தகைய செல்வம் ஒன்றைச் சிறுகச் சிறுகச் சேர்ப்போம். அது கிதாராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையாகவோ, தையலாகவோ, ஓவியமாகவோ இருக்கலாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கிதார் கற்க விரும்பும் தங்கையர் புதன்கிழமைகளில் மாலை மணி அடித்த பிறகு இசை அறைக்கு வரலாம். விரல் வளையவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி